பாறை நிலத் தாவரச் சமூகங்கள்

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் வடக்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடங்கள் உண்டு. அங்கேயும் செங்குத்துப் பாறையில் வேரூன்றிய செடி வறட்சியில்தான் வாழ்கிறது. மேலே விழும் நீர் வழிந்தோடிவிடுகிறது. அதைத் தேக்கிவைக்க மண் இல்லை. வெயில் ஏறினால் சில மணி நேரத்தில் பாறை காய்ந்து சுடத் தொடங்குகிறது. ஆகவே பாறை நிலத்தின் வறட்சியை மழைமானியை வைத்து அளக்க முடியாது. நீர் எவ்வளவு வருகிறது என்பதைவிட எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே அங்கு முக்கியம். மண்ணின் ஆழம், பிளவின் அகலம், சரிவு, அது நோக்கும் திசை ஆகியவை இதைத் தீர்மானிக்கின்றன. பாறையின் வேதியியல் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

இந்த நிலைமையைச் சமாளிக்கத் தாவரங்களுக்கு வாய்த்த வழிகள் அதிகமில்லை. சீடம் போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் இலையில் நீரைச் சேமிக்கின்றன. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கி அமிலமாக மாற்றிவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைக் கொண்டு மாவுப்பொருள் தயாரிக்கின்றன. சில பெரணிகளும், பால்கன் மலைகளில் வளரும் ரமோண்டாவும் வேறு வகை: முற்றிலும் காய்ந்து சுருண்டுவிடும், நனைந்தால் மீண்டும் பச்சையாகும். ஓராண்டுச் செடிகள் ஈரம் இருக்கும் சில வாரங்களுக்குள் பூத்துக் காய்த்து, மற்ற காலத்தை விதையாகவே கழிக்கின்றன. இன்னும் சில செடிகள் பிளவுக்குள் நீண்ட வேரை இறக்கி, மேற்பரப்பு காய்ந்த பிறகும் உள்ளே எஞ்சியிருக்கும் ஈரத்தைத் தேடிக்கொள்கின்றன. ஒரே பாறையில் இந்த நான்கு வகையும் பத்தடி தூரத்துக்குள் இருக்கலாம். ஆனால் எல்லாம் கலந்து கிடப்பதில்லை. பிளவில் ஒரு கூட்டம், மெல்லிய மண்ணில் ஒரு கூட்டம், உதிர்ந்து கிடக்கும் கற்குவியலில் வேறொரு கூட்டம் என்று பிரிந்தே நிற்கின்றன. இந்தக் கூட்டங்களைத் தாவரச் சமூகங்கள் என்கிறோம். எந்த அடிப்படையில் அவற்றைப் பிரித்துப் பெயரிடுவது என்பதில் தாவரவியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள்.

முதலில் வந்த விடை தோற்றம். அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1807இல் தாவரப் புவியியல் பற்றி எழுதியபோது புல்வெளி, ஊசியிலைக் காடு, கள்ளி நிலம் என்று நிலத்தின் முகத்தைப் பார்த்தே பிரித்தார். உலகம் முழுவதையும் ஒரே பார்வையில் ஒப்பிட இது உதவும், பாறைக்கு உதவாது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பாறைச் சரிவும் அங்கங்கே பச்சை ஒட்டிய சாம்பல் நிறம்தான். ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் உங்கர் 1836இல் டிரோல் பகுதியிலுள்ள கிட்ஸ்ப்யூல் சுற்றுவட்டாரத்தை ஆராய்ந்து வெளியிட்ட நூல் வேறு வழியைக் காட்டியது. அங்கே சுண்ணாம்புப் பாறையும் சிலேட்டுப் பாறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. உயரம், மழை, வெயில் எல்லாம் ஒன்று. தாவரப் பட்டியல் மட்டும் வேறு. ரோடோடென்ட்ரானில்கூட சுண்ணாம்பில் வளர்வது ஓர் இனம், சிலிக்கா மிகுந்த பாறையில் வளர்வது இன்னோர் இனம். தோற்றத்தால் பிரிக்க முடியாததை இனப் பட்டியல் பிரித்துக் காட்டியது.

1910இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய மூன்றாவது பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு வகைப்பாட்டின் அடிப்படை அலகுக்கு ஒரு வரையறை தந்தது. திட்டமான இனக் கலவை, ஒரே மாதிரியான தோற்றம், ஒரே மாதிரியான வாழிடச் சூழல் ஆகிய மூன்றும் பொருந்திய தாவரச் சமூகமே அந்த அலகு. வரையறை கிடைத்துவிட்டது, களத்தில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு முறை இல்லை. அந்த முறையை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் 1884இல் பிறந்த ஜோசியாஸ் பிரவுன்-பிளாங்கே. அவருடைய தாவரச் சமூகவியல் நூல் 1928இல் வந்தது. 1930இல் பிரான்சின் மோன்பெலியேயில் ஓர் ஆய்வு நிலையத்தையும் தொடங்கினார். ஐரோப்பாவின் பாறைத் தாவரங்கள் இன்று தாங்கி நிற்கும் பெயர்களில் பெரும்பகுதி இந்த மரபிலிருந்து வந்தவை.

முறையின் முதல் படி, ஒரே சீராகத் தெரியும் ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுப்பது. காட்டில் அது நூற்றுக்கணக்கான சதுர மீட்டராக இருக்கும். பாறையில் சில சதுர மீட்டருக்கு மேல் போனால் சீர்மை குலைந்துவிடும். ஒரு சதுரத்தின் மேற்பாதி பிளவாகவும் கீழ்ப்பாதி மண் படிந்த மேடையாகவும் இருந்தால், அங்கே இல்லாத ஒரு சமூகத்தைப் பதிவு செய்ததாகிவிடும். துண்டு நிலத்தில் உள்ள எல்லா இனங்களும், மாஸ், லைக்கன் உட்பட, பட்டியலிடப்படுகின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் அது எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கூட்டல் குறி. ஐந்து சதவீதத்துக்குக் கீழே ஆனால் கணிசமாக இருந்தால் 1. 25 வரை 2. 50 வரை 3. 75 வரை 4. அதற்கு மேல் 5. பாறைப் பிளவுகளில் 3க்கு மேல் எழுத வாய்ப்பு அபூர்வம், ஏனென்றால் சதுரத்தின் பெரும்பகுதி வெற்றுக் கல். செங்குத்துப் பாறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: கைக்கு எட்டும் உயரம்தான் பதிவாகிறது. மேலே உள்ளதற்குக் கயிறு வேண்டும், இல்லையென்றால் தொலைநோக்கி.

இப்படிப் பல இடங்களில் எடுத்த பதிவுகளை ஓர் அட்டவணையாக அடுக்குவது அடுத்த படி. இனங்கள் வரிசைகளாகவும் பதிவுகள் பத்திகளாகவும் நிற்கும். சேர்ந்தே வரும் இனங்கள் அருகருகே வரும் வரை வரிசைகளையும் பத்திகளையும் இடம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் அட்டவணையில் கட்டம் கட்டமாகத் திரள்கள் தெரியத் தொடங்கும். எல்லா இடத்திலும் வரும் இனங்களால் பிரிப்புக்குப் பயனில்லை. ஒரே ஒரு திரளில் மட்டும் அழுத்தமாக வந்து மற்றவற்றில் அரிதாக வரும் இனமே அந்தச் சமூகத்தின் சிறப்பினம். பரப்பில் மிகுந்திருக்கும் இனத்துக்கு இந்த மதிப்பு கிடைக்காமல் போகலாம். சிறு பெரணி ஒன்றுக்குக் கிடைத்துவிடலாம். இந்த முறையின் வலிமையும் அதுதான், அதன்மீது எழும் சந்தேகமும் அதனால்தான். எந்த இடத்தில் சதுரம் போடுவது என்பதை ஆய்வாளரின் கண்ணே முடிவு செய்கிறது. கலப்பான இடங்களை ஒதுக்கிவிட்டுத் தெளிவான இடங்களையே பதிவு செய்தால், தெளிவான சமூகங்கள் கிடைப்பதில் வியப்பில்லை.

கிடைத்த சமூகங்கள் அலகு, இணைவு, வரிசை, வகுப்பு என்று நான்கு படிகளில் அடுக்கப்படுகின்றன. முதன்மை இனத்தின் லத்தீன் பெயரோடு அந்தந்தப் படிக்குரிய விகுதி சேரும்; விகுதியைப் பார்த்தே எந்தப் படி என்று சொல்லிவிடலாம். இந்தப் பெயர்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு 1976இல் முதல் முறையாக வெளியானது. பெயர் மோதல் வந்தால், முறைப்படி முதலில் வெளியிடப்பட்டதே வெல்லும். விலங்குக்கும் தாவரத்துக்கும் பெயரிடுவதில் உள்ள அதே முந்துரிமை விதி.

பாறைப் பிளவுகளுக்கான ஐரோப்பிய வகுப்பு அஸ்பிளீனியெட்டியா டிரைக்கோமானிஸ். 1934இல் மயரும் பிரவுன்-பிளாங்கேயும் பாறைத் தாவரச் சமூகங்களுக்கென்றே வெளியிட்ட தொகுப்பில் இதன் அடித்தளம் அமைந்தது. அஸ்பிளீனியம் டிரைக்கோமேனஸ் என்ற சிறு பெரணியின் பெயரை இது தாங்கியுள்ளது. உங்கர் கண்ட பிரிவு இங்கே வரிசைகளின் மட்டத்தில் வருகிறது: சுண்ணாம்புப் பாறைக்குப் பொட்டென்டில்லா காலசென்ஸ் பெயரில் ஒரு வரிசை, சிலிக்காப் பாறைக்கு ஆண்ட்ரோசேசி வண்டெல்லி பெயரில் ஒரு வரிசை. வகுப்புக்குப் பெயர் கொடுத்த பெரணிக்குள்ளேயே இந்தப் பிளவு ஓடுகிறது. அதன் இருமடிய துணையினம் அமிலத்தன்மையுள்ள பாறையை நாடுகிறது. நான்மடிய துணையினம் சுண்ணாம்பை நாடுகிறது. வெறும் கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. களப் பதிவில் இனப் பெயரோடு நிறுத்திக்கொண்டவர், வகைப்பாட்டுக்கு மிகவும் தேவையான தகவலைக் கோட்டைவிடுகிறார். செர்ப்பன்டைன் பாறை இந்த இருபிரிவிலும் அடங்காது. மக்னீசியமும் நிக்கலும் மிகுந்த அந்தப் பாறைக்கென்றே அஸ்பிளீனியம் கூனிஃபோலியம் போன்ற பெரணிகள் உள்ளன.

சுண்ணாம்புப் பிளவுகளின் வகைமாதிரியான அஸ்பிளீனியம் ரூட்டா-முராரியா, சுண்ணாம்புக்கல்லே இல்லாத ஊர்களிலும் வளர்கிறது, சுவர்களில். செங்கல்லை இணைக்கும் சுண்ணாம்புக் காரை அதற்குச் சுண்ணப்பாறையேதான். ஜான் ராட்வெல் தொகுத்து 1991 முதல் 2000 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த பிரிட்டனின் தேசியத் தாவர வகைப்பாட்டில், இதுவும் அஸ்பிளீனியம் டிரைக்கோமேனஸும் சேர்ந்த சமூகம் திறந்தவெளித் தாவரங்களின் வரிசையில் 39ஆம் எண்ணாக இடம்பெற்றுள்ளது. மலைப் பாறையும் பழைய சுவரும் ஒரே எண்ணின் கீழ் வருகின்றன.

உதிர்கற் சரிவுகள் தனி வகுப்பு. அங்கே வறட்சியைவிடக் கற்களின் நகர்வே பெரிய சிக்கல். புதைந்தாலும் மீண்டும் தளிர்க்கும் தண்டுள்ள செடிகளே தாக்குப்பிடிக்கின்றன. வகைப்பாட்டாளர்களை அதிகம் அலைக்கழிப்பது பாறையின் தட்டையான மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் மண் படிந்த இடம்தான். அதற்குரிய வகுப்புக்குப் பிரவுன்-பிளாங்கே 1955இல் செடோ-ஸ்கிளராந்தெட்டியா என்று பெயரிட்டார். சீடம் ஆல்பம், சீடம் ஏக்ரி, ஸ்கிளராந்தஸ் பெரென்னிஸ் ஆகியவற்றோடு, வசந்தத்தில் தலைகாட்டி ஜூன் மாதத்துக்குள் மறையும் சிறு ஓராண்டுச் செடிகளும் இதன் அடையாளம். மணற்பாங்கான வறண்ட புல்வெளியிலும் இந்த ஓராண்டுச் செடிகளில் பல வருகின்றன. அந்தப் புல்வெளிக்கு கோயலேரியோ-கோரினெஃபோரெட்டியா என்ற வகுப்புப் பெயர் 1941இலேயே வெளியாகிவிட்டது. இரண்டையும் ஒன்றாகக் கருதினால் முந்துரிமை விதிப்படி 1941ஆம் ஆண்டுப் பெயரே நிலைக்கும். பாறைச் சமூகம் மணல் சமூகத்தின் பெயருக்குள் மறைந்துவிடும். மத்திய ஐரோப்பாவின் நூல்கள் சில அப்படியே சேர்த்தன. சில பிரித்தே வைத்தன. மண் கொஞ்சம் தடித்தால் ஃபெஸ்டூக்கா, புரோமஸ் புற்கள் நுழைந்து வேறொரு வகுப்பு தொடங்குகிறது. மூன்று வகுப்புகளுக்கும் நடுவே உண்மையில் எல்லைக்கோடு இருக்கிறதா என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை ஹென்றி கிளீசன் 1926இல் நேரடியாகவே எழுப்பினார். ஒவ்வோர் இனமும் தன் தேவைக்கேற்ற இடத்தில் தனித்தனியாகப் பரவுகிறது, சமூகம் என்று நாம் சொல்வது அந்தப் பரவல்கள் தற்செயலாக மேற்படிந்த இடம் மட்டுமே என்பது அவர் வாதம். ராபர்ட் விட்டேக்கர் 1956இல் கிரேட் ஸ்மோக்கி மலைகளின் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அதற்கு வலுச்சேர்த்தது. உயரமும் ஈரமும் மாற மாற, இனங்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகவில்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில் கூடிக் குறைந்தது.

ஆனால் அதே அமெரிக்கத் தென்கிழக்கில் ஜார்ஜியா மாநிலத்தின் கிரானைட் பாறைகள் வேறு கதை சொல்கின்றன. அட்லாண்டாவுக்கு அருகிலுள்ள ஸ்டோன் மவுன்டன் போன்ற இந்த மொட்டைப் பாறைகளின் பள்ளங்களில் மண் தீவுகள் உள்ளன. பர்பாங்க், பிளாட் என்ற இருவர் 1964இல் இந்தத் தீவுகளை மண்ணின் அதிகபட்ச ஆழத்தை வைத்து வகைப்படுத்தினார்கள். 2 முதல் 9 சென்டிமீட்டர் வரை டயமார்ஃபா என்ற சிறுசெடியின் சமூகம். 7 முதல் 15 வரை லைக்கனும் ஓராண்டுச் செடிகளும். 14 முதல் 41 வரை ஓராண்டுச் செடிகளோடு பல்லாண்டுச் செடிகளும். அதற்கு மேல் புதர்கள் நுழைகின்றன. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் இனங்களின் வளையங்கள் கண்ணுக்கே தெரியும். ஒரே தீவில் விளிம்பில் சிவந்த டயமார்ஃபா, உள்ளே மினுவார்ஷியாவின் வெள்ளைப் பூ, மண் ஆழ்ந்த நடுப்பகுதியில் உயரமான செடிகள் என்று அடுக்கடுக்காக நிற்கும்.

அந்த எல்லைகளை உண்டாக்குவது எது என்பதையும் அங்கேயே சோதித்தார்கள். சாரிட்ஸும் மெக்கார்மிக்கும் 1973இல் வெளியிட்ட ஆய்வில் டயமார்ஃபாவையும் மினுவார்ஷியாவையும் தனித்தனியாகவும் சேர்த்தும் வளர்த்துப் பார்த்தார்கள். மிக மெல்லிய மண்ணின் வறட்சியை டயமார்ஃபா தாங்குகிறது, மினுவார்ஷியா தாங்குவதில்லை. ஆழமான மண்ணில் டயமார்ஃபாவும் நன்றாகவே வளரும். ஆனால் அங்கே மினுவார்ஷியா அதை நெருக்கி வெளியேற்றிவிடுகிறது. ஒரு பக்க எல்லையை நீர் போடுகிறது, மறுபக்க எல்லையைப் போட்டி போடுகிறது. கிளீசனின் தனியாள் வாதம் மட்டுமே போதும் என்றால் இரண்டாவது எல்லை உருவாகியிருக்காது. விட்டேக்கரின் மலைச்சரிவில் ஈரம் கிலோமீட்டர் கணக்கில் மெல்ல மாறுகிறது. பாறையில் அதே மாற்றம் அரை மீட்டருக்குள் நடந்துவிடுகிறது. சாய்வு செங்குத்தாக இருக்கும்போது தொடர்ச்சியும் கோடு போலத்தான் தெரியும். பாறைச் சமூகங்களை வகைப்படுத்துவது மற்றவற்றைவிட எளிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே தவிர, அங்குள்ள செடிகள் மற்ற இடச் செடிகளைவிட ஒற்றுமையாக வாழ்கின்றன என்பதல்ல.

அட்டவணையைக் கையால் அடுக்கும் வேலை 1970களின் இறுதியிலிருந்து கணினிக்குப் போனது. மார்க் ஹில் 1979இல் வெளியிட்ட ட்வின்ஸ்பான் நிரல், பதிவுகளை இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனது. சிறப்பினத்தை அனுபவத்தால் மதிப்பிடாமல் புள்ளியியல் கெழுக்களால் கணக்கிடும் வழக்கமும் பிறகு பரவியது. ஐரோப்பியத் தாவரப் பதிவுக் காப்பகத்தில் இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. 2016இல் முசினாவும் குழுவினரும் வெளியிட்ட ஐரோப்பியப் பட்டியல், கலன் தாவரச் சமூகங்களை மட்டும் 109 வகுப்புகள், 300 வரிசைகள், 1108 இணைவுகளாகத் தொகுத்தது. பாறையும் மணலும் பற்றிய பழைய தகராறில் அது இரண்டையும் தனி வகுப்புகளாகவே வைத்தது. ஆனால் கணினி பழைய குறையை நீக்கிவிடவில்லை. காப்பகத்தில் உள்ள பதிவுகள் யாரோ ஒருவர் கண்ணால் தேர்ந்த சதுரங்களே.

இந்தப் பெயர்கள் நூலகத்தோடு நிற்காமல் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட ஆணையின் பின்னிணைப்பில், பிளவுத் தாவரம் உள்ள சுண்ணாம்புப் பாறைச் சரிவுக்கு 8210 என்றும், சிலிக்காப் பாறைச் சரிவுக்கு 8220 என்றும் எண் தரப்பட்டுள்ளது. மெல்லிய மண் உள்ள சிலிக்காப் பாறைக்குரிய 8230ஆம் எண்ணின் தலைப்பிலேயே செடோ-ஸ்கிளராந்தியான் என்ற இணைவின் பெயர் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையில் உள்ள அதன் இணையான 6110, முன்னுரிமை வாழிடமாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு கல்குவாரிக்கு அனுமதி கேட்கும்போது, அந்த இடத்துச் செடிகள் எந்த எண்ணில் அடங்கும் என்பது தாவரவியலாளர்களுக்கு இடையிலான வாதமாக மட்டும் இருப்பதில்லை.

வெப்ப மண்டலத்தின் தனிக்குன்றுகளுக்கு இந்த முறையை அப்படியே எடுத்துச் செல்ல முடியவில்லை. சமவெளியில் தனித்து எழும் குன்று ஒவ்வொன்றும் சுற்றியுள்ள நிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் உள்ள இனம் அடுத்ததில் இருக்க வேண்டும் என்பதில்லை. இனப் பட்டியலை மட்டும் நம்பினால் குன்றுக்கு ஒரு சமூகம் என்று பெயரிட வேண்டிவரும். தனிக்குன்றுகளைப் பற்றிப் பொரெம்ப்ஸ்கியும் பார்த்லாட்டும் தொகுத்து 2000இல் வந்த நூல், வாழிட வகையை முன்னால் வைத்தது: வெற்றுப் பாறையின் லைக்கன் படலம், பாறைக் குழிகளில் தேங்கும் நீர், மழைக்காலத்தில் மட்டும் நீர் கசியும் சரிவு, மண் நிரம்பிய பள்ளம், ஒருவித்திலைத் தாவரங்களின் பாய். இந்தப் பாயை மேற்கு ஆப்பிரிக்காவில் ஆஃப்ரோட்ரைலெப்பிஸ் என்ற கோரை நெய்கிறது. பிரேசிலில் வெல்லோசியா, ஆஸ்திரேலியாவில் போரியா. குடும்பங்களே வேறு; வேலை ஒன்று, மூன்றும் காய்ந்து மீள்பவை. ஹம்போல்ட்டின் தோற்ற அளவுகோல் இங்கே மீண்டும் நுழைவது பின்னடைவல்ல. கண்டங்களை ஒப்பிட அதைவிட நல்ல கருவி இல்லை.

இந்தியாவில் பாறைத் தாவரங்கள் பெரும்பாலும் காட்டு வகைப்பாட்டின் உட்பிரிவாகவே பார்க்கப்படுகின்றன. ஹாரி சாம்பியன் 1936இல் வெளியிட்டு, எஸ்.கே. சேத்துடன் 1968இல் திருத்திய வகைப்பாடு நாட்டின் காடுகளை 16 தொகுதிகளாகப் பிரிக்கிறது. ஆறாவது தொகுதியான வெப்ப மண்டல முட்காட்டின் தெற்குப் பிரிவில் குடைவேல் காடு, முட்புதர், கள்ளிப் புதர் ஆகியவை உள்ளன. தமிழ்நாட்டின் கரட்டு நிலங்களில் சதுரக்கள்ளியும் முட்கிளுவையும் பிரண்டையும் சேர்ந்து நிற்கும் இடங்கள் கடைசி இரண்டுக்குள் போகும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காக கோசன், லெக்ரி, வியார் ஆகியோர் 1961இல் வெளியிட்ட கன்னியாகுமரி வரைபடத் தாள், காட்டை இனங்களின் பெயரால் அழைத்தது. வறண்ட சமவெளிக்கு உசிலும் வேலும் சேர்ந்த தொடர் என்று பெயர். அந்த வரைபடத்தின் அளவு பத்து லட்சத்தில் ஒன்று, அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். செஞ்சியின் ராஜகிரி போன்ற ஒரு குன்று அந்த அளவில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். குன்றின் பிளவில் வேரோடிய கல்லரசும், சுனையோர ஈரத்தில் சில வாரங்கள் மட்டும் வாழும் சிறுசெடிகளும், வெற்றுப் பாறையில் ஒட்டிய டிரிப்போகான் புல்லும் ஒரே நிறத்தில் கலந்துவிடுகின்றன. காட்டிலாகாவின் தேவைக்கு அந்த நுணுக்கம் அவசியமில்லை. கருங்கல் குவாரிகள் பெருகிய பின் அவசியமாகிவிட்டது.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்திலுள்ள காஸ் பீடபூமி, 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபிடமானது. எரிமலைப் பாறையின் மேல் செம்புரைக்கல் மூடிய இந்தத் தட்டை நிலத்தில் மண் மிக மெல்லியது. தென்மேற்குப் பருவமழையில் இது சதுப்பு. யூட்ரிகுலேரியா, எரியோகாலான் போன்ற நீர் நாடும் செடிகள் பரவி நிற்கும். மழை முடிந்த சில மாதங்களில் கோடைக் கல்தரை. ஒரே சதுர மீட்டர் ஆகஸ்டில் ஒரு பட்டியலையும் மழை ஓயும்போது வேறொரு பட்டியலையும் தரும். மே மாதத்தில் வருபவர் இரண்டையும் காணமாட்டார். ஐரோப்பியப் பாறைகளிலும் வசந்த ஓராண்டுச் செடிகளை ஜூலையில் வந்தவர் தவறவிட்டுவிடுவார் என்பதால், அங்கே ஒரே சதுரத்தை இரண்டு பருவங்களில் பதிவு செய்து சேர்க்கும் வழக்கம் உண்டு. பருவமழை நாட்டில் இது இன்னும் கட்டாயம். பாறை வகை, சரிவு, திசை, மண் ஆழம் ஆகியவற்றோடு பதிவு எடுத்த மாதமும் இல்லாத அட்டவணையை அடுக்கினால், இரண்டு சமூகங்கள் என்று பிரிந்து நிற்பவை ஒரே சமூகத்தின் இரண்டு மாதங்களாக இருக்கலாம்.